வேன் புளோவர் ஓடவில்லையா? கராஜுக்குப் போகுமுன் நீங்களே பார்க்கலாம்



நம் தோட்டங்களில் இன்று எத்தனையோ பிள்ளைகள் வேன் ஓட்டிப் பிழைக்கிறார்கள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் டவுனுக்குச் சாமான், ராத்திரியில் திடீரென்று வயிற்று வலி, பிரசவ வலி என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். லயத்தில் ஒரு வேன் நின்றால் அது அந்த டிவிசனுக்கே ஒரு துணை.

அந்த வேனில் பிரேக், டயர், லைட் எல்லாவற்றையும் பார்க்கிறோம். டாஷ்போட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன விசிறியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அதுதான் புளோவர். "காற்று வராவிட்டால் என்ன, நுவரெலியாவில் வேர்க்கவா போகிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியே தப்பு. மலைநாட்டில் புளோவர் குளிர்ச்சிக்காக அல்ல, கண் தெரிவதற்காக. முன் கண்ணாடி மங்கிப்போனால் பிரேக் நல்லாயிருந்தும் பிரயோசனமில்லை. வளைவு இருப்பதே தெரியாதே!

ஆகவே இந்த முறை புளோவர் கோளாறை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக்கட்டிய உல்லாசப் பயண வேன்களும் இப்போது மலைப்பக்கம் வருகின்றன. அவற்றை ஓட்டும் தம்பிமாருக்கும் இதே பாடம்தான். அந்த வண்டிகளில் பின்னாலுள்ள லைட்டுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் தனி பேட்டரி இருந்தாலும், டாஷ்போட் புளோவர் பொதுவாக எஞ்சின் பேட்டரியில்தான் ஓடும். பின்னால் லைட் எரிகிறது என்பதற்காக முன்னால் கரண்ட் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

கண்ணாடி ஏன் மங்குகிறது?

நாம் விடும் மூச்சில் ஈரம் இருக்கிறது. மழையில் நனைந்த சட்டை, கம்பளி, குடை எல்லாம் ஈரம். பத்துப் பேர் ஏறிக் கதவைச் சாத்தினால் வேனுக்குள் இருக்கும் காற்று சூடும் ஈரமுமாக மாறிவிடும். வெளியே குளிர். கண்ணாடியும் குளிர். ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் சின்னச் சின்ன நீர்த்துளியாகப் படிகிறது. கேத்தலில் தண்ணி கொதிக்கும்போது மூடியின் உட்பக்கம் வேர்க்கிறதே, அதே சங்கதிதான்.

மேற்குப் பக்கமான அட்டன், தலவாக்கலை, நானுஓயா பகுதிகளில் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, அப்புத்தளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை. இந்த மாதங்களில் மழையும் மூடுபனியும் சேர்ந்து வரும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே கண்ணாடி குளிரக் கேட்கவா வேண்டும்?

புளோவர் காற்றைக் கண்ணாடியில் அடித்து அந்த ஈரத்தை விரட்டுகிறது. ஹீட்டர் போட்டால் சூடான காற்று இன்னும் விரைவாகக் காயவைக்கும். ஏ.சி. போட்டால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே இருக்கும் குளிர் கொயிலில் தண்ணியாகப் பிடிபட்டு வெளியே சொட்டிவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் விசிறி சுற்றாவிட்டால் ஹீட்டரும் வீண், ஏ.சி.யும் வீண். பல வாகனங்களில் புளோவர் ஓடினால்தான் ஏ.சி.யே வேலை செய்யும்.

கரண்ட் போகும் பாதை

கோளாறு கண்டுபிடிக்க வேண்டுமானால் பாதை தெரிய வேண்டும். பைப்பில் தண்ணி வராவிட்டால் என்ன செய்கிறோம்? டேங்கியிலிருந்து பைப் வரை ஒவ்வொரு இடமாகப் பார்க்கிறோம். இதுவும் அப்படித்தான்.

பேட்டரியிலிருந்து கரண்ட் புறப்பட்டு பியூஸுக்கு வருகிறது. பியூஸ் காவல்காரன். அளவுக்கு மேல் கரண்ட் போனால் தன்னையே எரித்துக்கொண்டு வயரைக் காப்பாற்றும். அடுத்தது ரிலே. சின்னக் கரண்டில் வேலை செய்து பெரிய கரண்டைத் திறந்து மூடும் கதவு அது. சாவியைத் திருப்பி சுவிட்சைப் போடும்போது 'டிக்' என்று கேட்பது அதுதான். பிறகு மோட்டார். மோட்டாரிலிருந்து ரெசிஸ்டர், வேக சுவிட்ச் வழியாக வண்டியின் பொடிக்குப் போய்ச் சேரும். அதைத்தான் எர்த் என்கிறோம். சில வண்டிகளில் சுவிட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்கு முன்னால் இருக்கும். வரிசை மாறினாலும் ஆட்கள் அதே ஆட்கள்தான்.

ரெசிஸ்டர் என்பது கம்பிச் சுருள்கள் கொண்ட சின்னத் துண்டு. முதல் வேகத்தில் கரண்ட் எல்லாச் சுருளையும் தாண்டிப் போக வேண்டும். அதனால் மோட்டார் மெல்லச் சுற்றும். இரண்டு, மூன்று என்று போகப்போக சுருள் குறையும், வேகம் கூடும். கடைசி வேகத்தில் ரெசிஸ்டரே இல்லாமல் நேராகப் போகும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தெரிந்துவிடும்.

புளோவர் சின்னது என்று நினைத்தாலும் அது குடிக்கும் கரண்ட் சின்னதல்ல. 12 வோல்ட் வேனில் 15 அம்பியர் எடுத்தால் 180 வொட். அதாவது மூன்று ஹெட்லைட் பல்புக்குச் சமம். அதனால்தான் தளர்ந்த பிளக் சூடேறி உருகுகிறது.

வேண்டிய சாமான்கள்

ஸ்குரூ டிரைவர், டோர்ச், ஒரு டெஸ்ட் பல்ப். டெஸ்ட் பல்ப் நீங்களே செய்யலாம். 21 வொட் சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பிடித்தால் போதும். தோட்ட லொறி, பஸ் போன்றவை பெரும்பாலும் 24 வோல்ட். அவற்றுக்கு 24 வோல்ட் பல்ப் வேண்டும்.

மூன்று கவனம் அவசியம். ஒன்று, பிளக், பியூஸ், பிளேடு எதைக் கழற்றும்போதும் முதலில் சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். மோட்டாரையே கழற்றுவதானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், கடைசியாகப் பூட்டுங்கள். மோதிரம், கைச்சங்கிலி போட்டுக்கொண்டு கை வைக்க வேண்டாம். இரண்டு, ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் பிளக் எதையும் தொடவே கூடாது. டெஸ்ட் பல்பை அதில் வைத்தால் ஏர்பேக் வெடிக்கக்கூடும். மூன்று, விசிறிக் கூட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கலாம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு, கூட்டை நனைத்து எடுங்கள். காய்ந்த குப்பையை ஊதிப் பறக்கவிடாதீர்கள்.

இனி, நோயைச் சொல்லுங்கள், மருந்தைப் பார்ப்போம்.

1. கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது

இதுதான் மிகவும் சாதாரணமான கோளாறு. மோட்டார் நல்லது, பியூஸ் நல்லது. இல்லாவிட்டால் கடைசி வேகத்திலும் ஓடியிருக்காது. போனது ரெசிஸ்டர். அதிலுள்ள சூட்டுப் பியூஸ் உருகியிருக்கும் அல்லது சுருள் அறுந்திருக்கும். முதல் வேகம் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் முதல் வேகத்துக்கான சுருள் அல்லது சுவிட்சின் அந்த முனை போயிருக்கிறது.

ரெசிஸ்டர் விசிறிக்குப் பக்கத்திலேயே காற்றுப் பாதையில் இருக்கும். இரண்டு ஸ்குரூ கழற்றினால் கையோடு வரும். அது சூடாகும் சாமான். விசிறிக் காற்றுத்தான் அதைக் குளிரவைக்கிறது. இலை, குப்பை அடைத்தால் சூடேறிச் சாகும். புதிது போடும்போது குப்பையையும் எடுங்கள். பிளக் கறுத்து உருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். புதிய ரெசிஸ்டரும் கொஞ்ச நாளில் போனால், மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு நேர்மாறாக, சின்ன வேகமெல்லாம் ஓடிக் கடைசி வேகம் மட்டும் இல்லையென்றால், சுவிட்சின் கடைசி முனை, அதற்கான வயர், பிளக் ஆகியவற்றைப் பாருங்கள். சில வண்டிகளில் கடைசி வேகத்துக்கென்று தனி ரிலே உண்டு.

2. எந்த வேகத்திலும் ஓடவில்லை

முதலில் பியூஸ். பெட்டியின் மூடியிலேயே எது புளோவருக்கு என்று படம் போட்டிருக்கும். 'ஹீட்டர்' என்று எழுதியிருக்கலாம். பிளேட் பியூஸ் நிறத்தைப் பார்த்தே அளவு தெரியும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 அம்பியர். பின்னால் தனி ஏ.சி. உள்ள வேனில் பின் விசிறிக்கு வேறு பியூஸ் இருக்கும். பின்னால் ஓடுவதை வைத்து முன்னால் பியூஸ் நல்லது என்று சொல்ல முடியாது.

அடுத்து ரிலே. சுவிட்ச் போடும்போது 'டிக்' கேட்கிறதா? சந்தேகமானால், அதே நம்பர் உள்ள வேறு ரிலேயை, உதாரணமாக ஹோர்ன் ரிலேயை, கழற்றி இங்கே போட்டுப் பாருங்கள். விசிறி ஓடினால் ரிலேதான் கோளாறு.

பியூஸும் ரிலேயும் நல்லதா? இனி மோட்டார் பிளக். வலப்பக்க ஸ்டியரிங் வேன்கள் பலவற்றில் மோட்டார் இடப்பக்க சீட்டுக்கு முன்னால், டாஷ்போட்டுக்கு அடியில் இருக்கும். அதன் பிளக்கைக் கழற்றுங்கள். சாவியைத் திருப்பி, சுவிட்சைக் கடைசி வேகத்தில் வைத்து, டெஸ்ட் பல்பின் இரண்டு வயரையும் பிளக்கின் இரண்டு முனையிலும் வையுங்கள்.

பல்ப் பளிச்சென்று எரிந்தால், கரண்டும் வருகிறது, எர்த்தும் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் மோட்டாரில்.

எரியாவிட்டால், பல்பின் ஒரு வயரைப் பெயின்ட் இல்லாத பொடி இரும்பில் வைத்து, மற்ற வயரால் பிளக்கின் முனைகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒரு முனையில் எரிந்தால் கரண்ட் வந்து சேர்கிறது, திரும்பிப் போகும் பாதை அறுந்திருக்கிறது. சுவிட்ச், எர்த் வயர், இடையிலுள்ள பிளக்குகளைப் பாருங்கள். இரண்டு முனையிலும் எரியாவிட்டால் கரண்டே வரவில்லை. பியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் பக்கம் திரும்பிப் போங்கள்.

பல்ப் மங்கலாக எரிந்தால் எங்கோ ஒரு பிளக் தளர்ந்தோ, துருப்பிடித்தோ இருக்கிறது. டெஸ்ட் பல்ப் இழுப்பது இரண்டு அம்பியர் கூட இல்லை. மோட்டாருக்கு அதைப்போல பல மடங்கு வேண்டும். ஆகவே கறுத்த பிளக்கைக் கண்டால் பல்ப் எரிந்தாலும் நம்பாதீர்கள்.

3. தட்டினால் ஓடுகிறது

டாஷ்போட்டுக்கு அடியில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடுகிறது, பள்ளத்தில் விழுந்தால் நிற்கிறது. இது மோட்டாருக்குள் இருக்கும் காபன் பிரஷ் தேய்ந்ததன் அடையாளம். தட்டி ஓட்டுவது தற்காலிகம்தான். நின்றே போகும் நாள் தூரத்தில் இல்லை. அது மழை ராத்திரியாக இருக்கும் என்பது சாரதிகளுக்குத் தெரியும்! சில மோட்டாருக்கு பிரஷ் மட்டும் மாற்றலாம். மற்றவற்றுக்கு முழு மோட்டார்தான்.

4. பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

சாவியைத் திருப்பி நிறுத்தி, மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு அதே அளவு பியூஸைப் போடுங்கள். பிறகு சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் உடனே போனால் வயர் எங்கோ பொடியில் தொடுகிறது. எலி கடித்த இடம், கதவு விளிம்பு, பிறகு பொருத்திய ரேடியோ வயர்ப் பக்கம் பாருங்கள். பிளக் கழற்றியபின் போகவில்லையென்றால் பெரும்பாலும் மோட்டார்தான். சாவியை நிறுத்தி விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். இறுகினால் உள்ளே துரு அல்லது குப்பை.

5. சத்தம் போடுகிறது

'டிக் டிக்' என்றால் இலையோ குச்சியோ பிளேடில் படுகிறது. காலையில் குளிரில் 'கீச்' என்று கத்திப் பிறகு அடங்கினால் மோட்டார் புஷ் காய்ந்திருக்கிறது. கழற்றி, தண்டின் அடியில் ஒரு சொட்டு மெல்லிய ஒயில் விட்டால் கொஞ்சக் காலம் ஓடும். வண்டியே அதிரும்படி கடகடத்தால் பிளேட் தண்டில் தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது.

6. மோட்டார் சத்தம் கேட்கிறது, காற்று வரவில்லை

வைப்பர் அடியிலுள்ள காற்று வாயில் சருகு அடைத்திருக்கும். காற்று வடிகட்டி உள்ள வண்டியானால் அதை எடுத்துப் பாருங்கள். தோட்டத்து மண்ரோட்டில் ஓடும் வண்டியின் வடிகட்டி சீக்கிரமே செம்மண்ணாகிவிடும். காற்று காலுக்கு வருகிறது, கண்ணாடிக்கு வரவில்லை என்றால், திசை மாற்றும் மூடியின் கேபிள் கழன்றிருக்கும்.

புதிய ரக வண்டிகளில் ரெசிஸ்டருக்குப் பதிலாக எலக்ட்ரோனிக் கட்டுப்பாட்டுத் துண்டு இருக்கும். அதில் வேகம் படிப்படியாக அல்லாமல் ஒரே சீராகக் கூடும். அந்த வகையில் பியூஸ், பிளக், குப்பை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை எலக்ட்ரிக் பாஸிடம் விடுங்கள்.

செய்யவே கூடாதவை

பெரிய பியூஸ் போடாதீர்கள். 20 போகிறது என்று 30 போட்டால் அடுத்து எரிவது வயர். சிகரட் பெட்டி ஈயத்தாள், கம்பி சுற்றிய பியூஸ் எல்லாம் வண்டிக்குக் கொள்ளி வைப்பதற்குச் சமம். ரெசிஸ்டரின் சூட்டுப் பியூஸுக்குக் குறுக்கே வயர் பற்ற வைப்பதும் அப்படித்தான். எரிந்த வாசனை வந்தால் உடனே புளோவரை நிறுத்தி, வண்டியை ஓரமாக்குங்கள்.

இரண்டு வாசனைகளை மறக்காதீர்கள். இனிப்பான வாசனையும், கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பும் வந்தால் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது. எஞ்சின் தண்ணி குறையும், எஞ்சினும் சூடேறும். புகை வாசனை வந்தால் அதைவிட ஆபத்து. சைலன்சர் ஓட்டையிலிருந்து வரும் புகையைப் புளோவர் உள்ளே இழுக்கிறது. அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம், பிறகு சாவு. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனுக்குள் தூங்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். படுக்கை வைத்த வேனுக்கும் இதே சட்டம்தான்.

கராஜில் கேளுங்கள்

வேன் சொந்தமோ, லீசிங்கோ, காசு நம்முடையது. "புளோவர் வேலை செய்யவில்லை பாஸ்" என்று மட்டும் சொன்னால் மோட்டார், சுவிட்ச், ரெசிஸ்டர் எல்லாம் ஒரே பில்லில் மாறக்கூடும். "கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது, ரெசிஸ்டரைப் பாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறாக இருக்கும். எந்தச் சாமான் போனது என்று காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். ரெசிஸ்டர் மோட்டாரைவிட விலை குறைவு. நல்ல மோட்டாருக்குக் கொடுக்கும் காசு பிள்ளையின் கொப்பிக் காசு, வீட்டு அரிசிக் காசு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் நின்றுவிட்டால்

பதறாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் இறக்குங்கள். குளிர்தான், ஆனால் ஈரக்காற்று வெளியே போகும். காற்றுச் சுவிட்ச் உட்சுழற்சியில் இருந்தால் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். நனைந்த குடை, சாக்கைப் பின்னால் போடுங்கள். காய்ந்த சுத்தமான துணி ஒன்று எப்போதும் முன்னால் இருக்கட்டும். துடைப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை. ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் துடைப்பு என்பது வளைவு ரோட்டில் ஆகாது. கண்ணாடியின் உட்பக்கத்தை வாராவாரம் கழுவித் துடைத்தால் மங்குவதும் குறையும். அழுக்குள்ள கண்ணாடியில்தான் ஈரம் நன்றாக ஒட்டும்.

எதுவுமே தெரியவில்லையென்றால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, நான்கு சிக்னலையும் போடுங்கள். வேனில் நோயாளி இருந்தால் 1990க்கு அழையுங்கள். 2016இல் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் சேவை நமக்கும் உரியதுதான். பத்து நிமிடம் பிந்திப் போய்ச் சேரலாம். பள்ளத்தில் இறங்கினால் போய்ச் சேரவே முடியாது.

வெட்டி எடுத்து வேனில் ஒட்டிக்கொள்ள

கடைசி வேகம் மட்டும் ஓடினால்: ரெசிஸ்டர்.
கடைசி வேகம் மட்டும் இல்லாவிட்டால்: சுவிட்ச், வயர், பிளக்.
ஒன்றுமே ஓடாவிட்டால்: பியூஸ், ரிலே, பிறகு டெஸ்ட் பல்ப்.
தட்டினால் ஓடினால்: காபன் பிரஷ்.
பியூஸ் அடிக்கடி போனால்: இறுகிய மோட்டார் அல்லது பொடியில் தொடும் வயர்.
சத்தம் மட்டும், காற்று இல்லை என்றால்: சருகு, வடிகட்டி, மூடிக் கேபிள்.
புகை வாசனை வந்தால்: கண்ணாடியை இறக்கு, எஞ்சினை நிறுத்து, எல்லோரும் இறங்கு.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வேகத்திலும் புளோவரைப் போட்டுப் பாருங்கள். காற்று கண்ணாடியின் இரண்டு பக்கமும் வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். அரை மணித்தியால வேலைதான். வேனில் ஏறுவது நம் பிள்ளைகள், நம் பெண்கள், நம் பெரியவர்கள். அவர்களுக்கு முன்னால் இருக்கும் ரோடு சாரதியின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியட்டும்.